உத்தரவாதம் இன்னும் இருக்கிறதா?
மின்னணுக் கருவி வாங்குவோர் அறிந்திருக்க வேண்டியவை

பால் நிறுக்கும் வேளையில் தராசைப் பாராத தொழிலாளி நம்மிடையே இல்லை. கிராணியார் ஏட்டில் எழுதும் கிலோவையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறோம். சம்பள நாளில் சீட்டு கைக்கு வந்ததும், வேலை செய்த நாள்களும் அதில் கண்ட நாள்களும் ஒத்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கிறோம். ஒரு நாள் குறைந்தாலும் விடுவதில்லை. உழைத்துப் பெற்றதைக் கணக்கோடு காக்கும் இந்த நல்ல பழக்கம், பல தலைமுறைகளாக நம்மிடம் இருந்துவருகிறது.

ஆனால் அதே நாம், பட்டணத்துக் கடையில் ஈராயிரம் வெள்ளி கொடுத்துக் கணினி ஒன்றை வாங்கி வந்தால், அதனுடன் வந்த இரசீது எங்கே, உத்தரவாதச் சீட்டு எங்கே என்று கேட்போர்க்கு விடையளிக்கத் திணறுகிறோம். ஒன்று அலமாரியின் மேல் இருக்கும். மற்றொன்று பெட்டியோடு குப்பைக்குப் போயிருக்கும். கருவி ஒழுங்காக இயங்கும்வரை அவற்றை எவரும் நினைப்பதில்லை. பழுதான அன்றுதான் வீடு முழுவதும் தேடுகிறோம்.

நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. சாதாரண மடிக்கணினி ஒன்றின் விலை பல வேளைகளில் அதற்குச் சமமாகவும் அதற்கு மேலாகவும் இருக்கிறது. ஒரு மாத உழைப்பை ஒரே நாளில் கடையில் கொடுத்துவிட்டு வருகிறோம் என்றால், அந்தக் கருவிக்கு உற்பத்தியாளர் எத்தனை நாள் பொறுப்பேற்கிறார், அந்தப் பொறுப்பு இன்று உயிரோடு இருக்கிறதா என்பதை அறிந்துகொள்வது நம் கடமையாகும். அதனை அறியும் வழியை இங்கு எளிய முறையில் விளக்குகிறோம்.

ஒரு குடும்பத்திற்கு நேர்ந்தது

நாம் அறிந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணவனும் மனைவியும் பால் வெட்டும் தொழிலாளர்கள். மூத்த மகன் ஜொகூர் பாருவில் வேலை செய்கிறான். இளைய மகளுக்குத் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவளுக்கு மடிக்கணினி தேவைப்பட்டது. பெற்றோர் சேர்த்து வைத்திருந்த தொகையோடு அண்ணன் அனுப்பியதையும் சேர்த்து, ஜனவரி மாதத்தில் அருகிலுள்ள பட்டணத்தில் கணினியை வாங்கினார்கள். ஓராண்டு உத்தரவாதம் என்று கடையில் சொன்னார்கள்.

நவம்பர் மாதத்தில், தேர்வு நெருங்கிய நேரத்தில், கணினியின் திரை இருண்டுவிட்டது. விளக்கு எரிகிறது, உள்ளே ஏதோ சுழல்கிறது, திரையில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. தந்தையார் அடுத்த ஓய்வு நாளில் அதைக் கடைக்கு எடுத்துச் சென்றார். கடைக்காரர் கணினியின் அடியில் இருந்த எண்ணைத் தட்டிப் பார்த்தார். "உத்தரவாதம் செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. திரையை மாற்ற அறுநூறு வெள்ளி ஆகும்" என்றார்.

வாங்கி இன்னும் ஓராண்டு ஆகவில்லையே என்று தந்தையார் வியந்தார். ஆனால் கையில் இரசீது இல்லை. வீட்டிற்கு வந்து தேடியபோது இரசீது கிடைத்தது; எழுத்துத்தான் கிடைக்கவில்லை. அடுப்பங்கரைப் பக்கத்து அலமாரியில், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைக்கப்பட்டிருந்த அந்தத் தாள் வெள்ளையாக வெளுத்திருந்தது.

நல்லவேளையாக, வாங்கிய அன்று மகள் அந்த இரசீதைப் படம் பிடித்துத் தன் அண்ணனுக்கு அனுப்பியிருந்தாள். "அண்ணா, உங்கள் காசில் வாங்கியது இதுதான்" என்று காட்டுவதற்காக அனுப்பிய படம் அது. அண்ணனின் கைப்பேசியில் அது அப்படியே இருந்தது. அப்படத்தை உற்பத்தியாளரின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு அனுப்பி, வாங்கிய நாள் இது என்று எழுதினாள். சில நாள்களில் உத்தரவாதக் காலம் திருத்தப்பட்டது. திரை இலவசமாக மாற்றித் தரப்பட்டது. தேர்வையும் அந்தக் கணினியிலேயே படித்து எழுதினாள்.

அப்படியானால் கடைக்காரர் பொய் சொன்னாரா? இல்லை. அவர் கண்ட திரையில் செப்டம்பர் என்றுதான் இருந்தது. அந்தக் கணினி, வாங்கப்படுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னரே உற்பத்தியாளரின் கிடங்கிலிருந்து வெளியேறியிருந்தது. விற்ற நாள் எது என்று எவரும் தெரிவிக்காததால், கிடங்கை விட்டு வெளியேறிய நாளையே தொடக்க நாளாக அவர்களின் பதிவேடு எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட வேறுபாடு அரிதன்று. வாங்கிய நாளைக் காட்டும் சான்று கையில் இருந்தால் அது திருத்தப்படும். இல்லையேல் இழப்பு நம்முடையதே.

உத்தரவாதம் என்பது யாருடைய வாக்கு?

உத்தரவாதம் என்பது ஒரு வாக்குறுதி. குறிப்பிட்ட காலத்திற்குள், குறிப்பிட்ட வகைப் பழுது ஏற்பட்டால், பழுது பார்த்தோ மாற்றியோ தருகிறோம் என்று ஒருவர் எழுத்தில் ஏற்கும் பொறுப்பு அது. இதில் முதலில் கேட்க வேண்டியது, அந்த ஒருவர் யார் என்பதே.

ஒன்று, உற்பத்தியாளரின் உத்தரவாதம். கருவியைச் செய்த நிறுவனமே பொறுப்பேற்கிறது. அதனுடைய அங்கீகாரம் பெற்ற சேவை மையம் எதற்கும் சென்று பழுதைச் சரிசெய்துகொள்ளலாம். வாங்கிய கடை மூடப்பட்டாலும் இந்த வாக்கு நிற்கும்.

இரண்டு, கடையின் உத்தரவாதம் அல்லது இறக்குமதியாளரின் உத்தரவாதம். உற்பத்தியாளருக்கும் இதற்கும் தொடர்பில்லை. பொறுப்பேற்றவர் இருக்கும்வரைதான் வாக்கும் இருக்கும். கைப்பேசிக் கடைகளில் 'ஏபி செட்' என்று சொல்லி விற்கப்படுபவை பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. உற்பத்தியாளரின் உள்நாட்டுப் பிரதிநிதி வழியாக வராமல், வேறு வணிகர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கருவிகள் இவை. விலை சற்றுக் குறைவாக இருக்கும். ஆனால் பழுதானால், உற்பத்தியாளரின் மலேசியச் சேவை மையம் இலவசமாகப் பார்க்க மறுக்கலாம். வாங்கும் முன்பே, "இது ஒரிஜினல் மலேசியா செட்டா, ஏபி செட்டா?" என்று கேளுங்கள், விடையை இரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். குறைந்த விலைக்கு ஏபி செட்டை வாங்குவது தவறன்று. அறியாமல் வாங்குவதுதான் தவறு.

மூன்று, கட்டணம் செலுத்தி நீட்டித்துக்கொள்ளும் உத்தரவாதம். ஓராண்டு முடிந்த பின் மேலும் ஓராண்டோ ஈராண்டோ என்று கடையில் விற்பார்கள். இதனை ஏற்பவர் உற்பத்தியாளரா, கடையா, வேறொரு நிறுவனமா என்று கேட்ட பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

கருவியின் எண்ணைக் கண்டறிதல்

ஒவ்வொரு ரப்பர் மரத்திற்கும் எண் இட முடியாது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு மின்னணுக் கருவிக்கும் தனி எண் ஒன்று உண்டு. அதைத் தொடர் எண் என்கிறோம். கடைகளில் 'சீரியல் நம்பர்' என்பார்கள். ஒரே வகைக் கருவிகள் ஆயிரம் இருந்தாலும் ஒன்றின் எண் மற்றொன்றுக்கு இராது. உத்தரவாதப் பதிவேடு முழுவதும் இந்த எண்ணை வைத்தே நடக்கிறது.

மடிக்கணினியில் இந்த எண் அடிப்பாகத்தில் சிறிய ஒட்டுச்சீட்டிலோ, உடலிலேயே பொறித்தோ இருக்கும். 'எஸ்/என்' என்ற குறிக்குப் பின் வருவதே தொடர் எண். டெல் நிறுவனத்தின் கணினிகளில் இதற்குச் 'சர்வீஸ் டேக்' என்று பெயர். எழுத்தும் எண்ணுமாக ஏழு குறிகள் கொண்டது. பக்கத்திலேயே மாடல் எண், பொருள் எண் என்று வேறு எண்களும் அச்சிடப்பட்டிருக்கும். அவை ஆயிரம் கணினிகளுக்குப் பொதுவானவை; உத்தரவாதம் பார்க்க அவை மட்டும் போதா. ஒட்டுச்சீட்டு தேய்ந்திருந்தால், கணினி வந்த அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் அதே எண் இருக்கும். ஆகவே உத்தரவாதக் காலம் முடியும்வரை பெட்டியை எறிந்துவிடாதீர்கள்.

கைப்பேசியில் 'செட்டிங்ஸ்' பகுதிக்குள் சென்று, கருவியைப் பற்றிய விவரங்கள் அடங்கிய 'அபவுட்' என்ற பக்கத்தைத் திறந்தால் தொடர் எண் தெரியும். ஐபோனில் 'செட்டிங்ஸ்' பகுதிக்குள் உத்தரவாத நிலையையும் காணலாம். கைப்பேசிக்கு மற்றோர் அடையாள எண்ணும் உண்டு. அதற்கு 'ஐஎம்இஐ' என்று பெயர். 15 இலக்கங்கள் கொண்டது. யாருக்கோ அழைப்பதுபோல் *#06# என்று அழுத்தினால், பணம் ஏதும் கழியாமல் அந்த எண் திரையில் தோன்றும். இரண்டு சிம் அட்டைகள் இடும் கைப்பேசியில் இரண்டு எண்கள் காணப்படும்.

தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவற்றில் பின்புறத்திலோ கதவின் உட்புறத்திலோ இந்த எண்ணைக் காணலாம். சுவரில் மாட்டிய பிறகு தொலைக்காட்சியின் முதுகைப் பார்ப்பது கடினம். மாட்டுவதற்கு முன்பே எண்ணைப் படம் பிடித்துவைத்துக்கொள்வது நன்று.

எண்ணை எழுதும்போது ஒரு கவனம் தேவை. பூஜ்யமும் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தும் ஒன்றுபோல் தோன்றும். ஒன்று என்ற இலக்கமும் 'ஐ' என்ற எழுத்தும் அப்படியே. 'எட்டு' என்ற இலக்கத்தை 'பி' என்ற எழுத்தாக எழுதுவோரும் உண்டு. ஒரு குறி பிழைத்தாலும் 'இப்படி ஒரு கருவி இல்லை' என்ற விடையே வரும். அப்போது ஏமாற்றப்பட்டோமோ என்று அஞ்ச வேண்டாம். முதலில் எழுத்துகளைச் சரிபாருங்கள்.

எங்கே, எப்படிப் பார்ப்பது?

பெரிய உற்பத்தியாளர்களின் இணையத்தளங்களில் உத்தரவாத நிலையைப் பார்க்கும் பக்கம் ஒன்று இருக்கும். அங்கே தொடர் எண்ணை இட்டால், கருவியின் பெயரும் உத்தரவாதக் காலமும் தோன்றும். இணையப் பழக்கம் இல்லாத பெற்றோர், பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம். அதுவும் இயலாவிடில், அங்கீகாரம் பெற்ற சேவை மையத்திற்குத் தொலைபேசியில் அழைத்து எண்ணைச் சொன்னால் அவர்களே பார்த்துச் சொல்வார்கள். விடையில் நான்கு செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

1. கருவியின் பெயர். திரையில் தோன்றும் பெயரும் நம் கையிலுள்ள கருவியும் ஒன்றா? வேறாக இருந்தால் எண்ணைத் தவறாக இட்டிருக்கலாம். அல்லது கருவியே ஐயத்திற்குரியதாக இருக்கலாம்.

2. தொடக்க நாளும் முடிவு நாளும். தொடக்க நாள் இரசீதில் உள்ள நாளோடு ஒத்திருக்கிறதா? முன்னதாக இருந்தால், முன்னர் நாம் கூறிய குடும்பத்திற்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்திருக்கிறது. இரசீதின் படியை அனுப்பித் திருத்தம் கேட்க வேண்டும். பழுதான பிறகு கேட்பதைவிட, வாங்கிய முதல் வாரத்திலேயே கேட்பது எளிது.

3. நாடு. உத்தரவாதம் மலேசியாவிற்கு உரியதா, வேறு நாட்டிற்கு உரியதா? சில நிறுவனங்கள் சில கருவிகளுக்கு எந்த நாட்டிலும் சேவை தருகின்றன. பல நிறுவனங்கள் விற்ற நாட்டிற்குள் மட்டும் தருகின்றன.

4. எந்தெந்தப் பாகம். கணினிக்கு ஓர் ஆண்டு என்றால் எல்லாப் பாகத்திற்கும் ஓர் ஆண்டு என்று பொருளில்லை. மின்கலத்திற்கும், மின்னேற்றிக்கும், உடன் வரும் துணைப் பொருள்களுக்கும் காலம் குறைவாக இருப்பதுண்டு. குளிர்பதனப் பெட்டியில் இதற்கு மாறாக, அதன் கம்பிரசருக்கு மட்டும் நீண்ட காலம் தருவார்கள்.

இன்னோர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். உத்தரவாதம் பார்க்கப் பணம் தேவையில்லை. வங்கிக் கணக்கு எண்ணோ, வங்கி அனுப்பும் 'டேக்' எண்ணோ தேவையில்லை. தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரங்கள் சில வேளைகளில் போலிச் சேவை மையங்களுடையதாக இருக்கும். "உங்கள் கணினியில் கிருமி புகுந்துவிட்டது, இந்தச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள்" என்று எவரேனும் சொன்னால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். உற்பத்தியாளரின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் உத்தரவாதச் சீட்டிலிருந்தோ பெட்டியிலிருந்தோ எடுப்பதே பாதுகாப்பானது. பணம் பறிபோய்விட்டதாக அறிந்தால், தாமதமின்றி உங்கள் வங்கிக்கும், தேசிய மோசடி உதவி மையத்தின் 997 என்ற எண்ணுக்கும் அழைக்க வேண்டும்.

எவை உத்தரவாதத்திற்குள் அடங்கா?

காலம் மீதியிருந்தும் இலவசச் சேவை மறுக்கப்படும் சூழ்நிலைகள் உண்டு. செய்முறைக் குறையால் வரும் பழுதுக்கே உற்பத்தியாளர் பொறுப்பு. கீழே விழுந்து உடைந்த திரை, தண்ணீர் பட்ட உட்பாகம், அங்கீகாரமில்லாத ஒருவர் திறந்து பார்த்த கருவி ஆகியவற்றைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். பல கைப்பேசிகளின் உட்புறத்தில் ஈரம் பட்டால் நிறம் மாறும் சிறு குறி ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்தே தண்ணீர் புகுந்ததை அறிந்துவிடுவார்கள்.

தோட்டத்தில் வாழும் நமக்கு மேலும் இரண்டு பகைகள் உண்டு. ஒன்று இடி மின்னல். மாலை நேரத்து இடிமழை நமக்குப் புதிதன்று. மின்னலால் மின் அழுத்தம் திடீரென உயர்ந்து கருகிய கருவியைப் பொதுவாக உத்தரவாதத்தில் சேர்ப்பதில்லை. வானம் கறுக்கும்போதே தொலைக்காட்சி, கணினி, இணையப் பெட்டி ஆகியவற்றின் செருகிகளைப் பிடுங்கிவிட வேண்டும். விசையை மட்டும் அணைத்தால் போதாது. இணையப் பெட்டிக்கு வரும் கம்பி வழியாகவும் மின்னல் பாயக்கூடும்.

மற்றொரு பகை எறும்பும் பல்லியும். வெப்பமான இடத்தைத் தேடி அவை கருவிக்குள் குடிபுகுகின்றன. அவற்றால் ஏற்படும் பழுதையும் உற்பத்தியாளர் ஏற்பதில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கணினிக்குப் பக்கத்தில் வைக்காமல் இருப்பதும், கருவியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் இருப்பதும் பயன் தரும்.

சேவை மையத்திற்குக் கொடுக்கும் முன்

கருவியைக் கொடுக்கும் முன், உள்ளே இருக்கும் பாடக் குறிப்புகள், படங்கள், கடிதங்கள் ஆகியவற்றை முடிந்தால் வேறோர் இடத்தில் படி எடுத்து வைக்க வேண்டும். பழுது பார்க்கையில் உள்ளிருப்பவை அழிந்துபோனால் சேவை மையம் பொறுப்பேற்பதில்லை. கைப்பேசியாக இருந்தால் சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் எடுத்துவிட வேண்டும். வங்கிச் செயலியின் மறைச்சொல்லை எவரிடமும் கொடுக்கக் கூடாது.

கொடுத்த பின், வேலைச் சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் கொடுத்த நாள், கருவியின் தொடர் எண், நீங்கள் சொன்ன பழுது, திரும்பப் பெறும் நாள் ஆகியவை இருக்க வேண்டும். உத்தரவாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் கொடுத்த கருவியை, இரண்டு வாரம் கழித்துப் பார்த்தாலும், கொடுத்த நாளையே கணக்கில் கொள்ளும்படி கேட்க இச்சீட்டே சான்று.

காலம் முடிந்துவிட்டால் கதவு அடைபட்டதா?

உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டால் எல்லாமே முடிந்துவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. உற்பத்தியாளரின் வாக்கு வேறு. நாட்டின் சட்டம் வேறு.

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சொந்தப் பயனுக்கோ வீட்டுப் பயனுக்கோ வாங்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. அதற்குரிய பயனுக்கு ஏற்றதாகவும், பாதுகாப்பானதாகவும், நீடித்து உழைப்பதாகவும் இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். நீடித்து உழைப்பது என்பதற்கு இத்தனை மாதம் என்று சட்டம் எண் குறிக்கவில்லை. பொருளின் தன்மையையும் விலையையும் கருதி, நியாயமான ஒருவர் எவ்வளவு காலத்தை எதிர்பார்ப்பார் என்பதே அளவுகோல். ஈராயிரம் வெள்ளிக் கணினி, ஒழுங்காகப் பயன்படுத்தப்பட்டும், பதின்மூன்றாவது மாதத்தில் தானாகவே செயலிழந்தால், 'காலம் முடிந்துவிட்டது' என்ற ஒரே சொல் எல்லாவற்றுக்கும் விடையாகிவிடாது.

சில கடைகளில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற அறிவிப்பு தொங்கும். பொருளின் நிறம் பிடிக்கவில்லை என்று திரும்பக் கொடுக்க வருபவர்க்கு அது பொருந்தலாம். பழுதான பொருளை விற்ற கடைக்கு அது கேடயமாகாது. சட்டம் தந்த உரிமையை ஒரு பலகையாலோ இரசீதின் அடியில் உள்ள சிறு எழுத்தாலோ நீக்கிவிட முடியாது. அதே வேளையில், கடைக்காரர் முன்னரே சுட்டிக்காட்டிய குறைக்கும், நாமே தவறாகப் பயன்படுத்தி வரவழைத்த பழுதுக்கும் இந்த உரிமை கிடையாது. உரிமை கேட்போர் உண்மையையும் கைக்கொள்ள வேண்டும்.

பயனீட்டாளர் நடுவர் மன்றம்

கடையோ நிறுவனமோ செவிசாய்க்காவிட்டால், உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்கும் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். மலாயில் இதனைத் 'திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா' என்பார்கள். 'போராங் 1' என்ற முதல் படிவத்தை நிரப்பி, ஐந்து வெள்ளி கட்டணம் செலுத்தி வழக்கைப் பதியலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை இம்மன்றம் விசாரிக்கிறது. கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் பதிய வேண்டும்.

வழக்கறிஞர் வேண்டுமே என்ற அச்சம் தேவையில்லை. பொதுவாக இரு தரப்பினரும் தாமே பேச வேண்டும். கடைக்காரரும் வழக்கறிஞரைக் கொண்டுவந்து நம்மை மிரட்ட இயலாது. விசாரணையின் முதல் நாளிலிருந்து இயன்றவரை 60 நாள்களுக்குள் தீர்ப்பு வழங்க வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். மன்றத்தின் ஆணை நீதிமன்ற ஆணைக்கு ஒப்பானது. அதை நிறைவேற்றாமல் இருப்பது குற்றமாகும். இணையத்தின் வழி வாங்கிய பொருளும் 2007ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இச்சட்டத்திற்குள் அடங்குகிறது. முதலில் ஆலோசனை கேட்கவும் புகார் செய்யவும் விரும்புவோர் அமைச்சின் 1-800-886-800 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.

ஆயினும் நடுவர் மன்றமும் ஒரு கேள்வியைத்தான் முதலில் கேட்கும்: "இரசீது எங்கே?"

பழைய கருவி வாங்குவோருக்கு

மற்றவர் பயன்படுத்திய கைப்பேசியையோ கணினியையோ வாங்குவோர், பணத்தைக் கொடுக்கும் முன் மேற்கூறிய சோதனையை அங்கேயே செய்து பார்க்க வேண்டும். திரையில் தெரியும் எண், உடலில் உள்ள எண், பெட்டியில் உள்ள எண் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் வாங்காதீர்கள். அது பாகம் மாற்றப்பட்டதாகவோ களவுபோனதாகவோ இருக்கலாம். 'இன்னும் ஆறு மாத உத்தரவாதம் இருக்கிறது' என்று விற்பவர் சொன்னால், அவர் வாயால் கேட்பதோடு நில்லாமல் எண்ணை இட்டுப் பாருங்கள். முதலில் வாங்கியவரின் இரசீதையும் சேர்த்துப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இன்று மாலையே செய்யத்தக்கது

கடைகளில் தரும் இரசீதுகளில் பல, வெப்பத்தால் எழுத்துத் தோன்றும் ஒருவகைத் தாளில் அச்சிடப்படுகின்றன. அதில் மை இல்லை. வெயிலும் சூடும் பட்டால் எழுத்து மங்கும். சிலவகைப் பிளாஸ்டிக் உறையில் வைத்தாலும் வெளுத்துவிடும். ஆகவே வாங்கிய வாரத்திலேயே அதனைச் சாதாரணத் தாளில் படி எடுப்பதும், படம் பிடித்துக் குடும்பத்தில் இருவர் கைப்பேசியில் வைப்பதும் அவசியம்.

வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் பள்ளிக் குறிப்பேடு ஒன்றில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாங்கிய நாள், கடையின் பெயர், விலை, தொடர் எண், உத்தரவாதம் முடியும் நாள் என்று ஐந்து வரிகள் எழுதுங்கள். இரசீதின் படியை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். உத்தரவாதம் முடிவதற்கு ஒரு மாதம் முன்னர் வரும் தேதியைச் சுவர் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அந்நாளில் கருவியை ஒருமுறை நன்றாகச் சோதித்துப் பாருங்கள். விசைகள் எல்லாம் இயங்குகின்றனவா, ஒலி தெளிவாக வருகிறதா, மின்கலம் அளவுக்கு மீறிச் சூடாகிறதா என்று பார்த்து, சிறு குறை தென்பட்டாலும் காலம் இருக்கும்போதே காட்டிவிடலாம்.

பனிக்காலையில் வெட்டிய மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக மங்கில் சேர்ந்த பால்தான் அந்தக் கணினியாக நம் வீட்டு மேசைமேல் இருக்கிறது. மங்கு கவிழாமல் பார்த்துக்கொள்ளும் நமக்கு, ஓர் இரசீதைக் காப்பது பெரிய வேலையாகாது. இன்று மாலை வீடு திரும்பியதும் பிள்ளைகளை அழைத்து, அக்குறிப்பேட்டின் முதல் பக்கத்தை எழுதச் சொல்லுங்கள். பழுது வரும் நாளில் அந்தப் பக்கம் நமக்காகப் பேசும்.